கடலூரில் பழைய இரும்புக் கடை இடத்தில் மண் கெட்டிருந்தால், சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழும்?

கேட்கப்பட்டது இதுதான். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஓரம் ஐந்து சென்ட் வாடகை இடத்தில் ஆறு வருடமாகப் பழைய இரும்பு வியாபாரம் நடக்கிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுப் பக்கமிருந்து பழைய பேட்டரி, மோட்டார், காலி பேரல் எல்லாம் வருகின்றன. முன்பு அங்கே இருந்தவர் கேபிளை எரித்துச் செம்பு எடுத்தவர். இப்போது மாசு கட்டுப்பாட்டு வாரியம் மண்ணில் ஈயம் இருக்கிறது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. இடத்துக்காரர் "சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார். பேட்டரியை வாங்கிய ஈய உருக்காலையும் மூடிக் கிடக்கிறது, அந்த இடத்துக்கும் நம்மிடம் பங்கு கேட்பார்களா? அமெரிக்காவில் பழைய பொருள் வியாபாரிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டாமே, இங்கே உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இங்கே அப்படி ஒரு விலக்கு கிடையாது. மறுசுழற்சி நல்ல தொழில், நாட்டுக்கு வேண்டிய தொழில் என்பதற்காக மண்ணில் சிந்தியதை எந்தச் சட்டமும் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் முழுத் தொகையும் உங்கள் தலையில் விழுந்தே தீரும் என்றும் இல்லை. உங்கள் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கப்போவது இரண்டே விஷயம். ஒன்று மண் பரிசோதனை, இன்னொன்று கையில் இருக்கும் சீட்டுகள்.

பொறுப்பு யார் மேல் வரும் என்பது ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அனுபோகதாரர் என்று ஒருவரைச் சொல்கிறது. ஓர் இடத்தின் காரியங்களைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் அனுபோகதாரர். ஒரு பொருளைப் பொறுத்தவரை, அதைக் கையில் வைத்திருப்பவரும் அனுபோகதாரர்தான். பட்டா யார் பெயரில் என்பது அந்த வரையறையில் வரவே இல்லை. வாடகைக்கு இருந்தாலும் கடையை நடத்துபவர் நீங்கள்; பேட்டரி உங்கள் கொட்டகையில் இருந்த நாள்வரை அதை வைத்திருந்தவரும் நீங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளும் இதே வரையறையைத்தான் கொண்டிருக்கின்றன. அந்த விதிகளில் 23ஆம் விதி, கழிவைச் சரியாகக் கையாளாததால் சுற்றுச்சூழலுக்கோ மூன்றாம் நபருக்கோ வரும் எல்லாச் சேதத்துக்கும் அனுபோகதாரர் பொறுப்பு என்கிறது. பணம் வசூலிக்கும் வழி சட்டத்தின் 9ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகாரிகளே சீர்செய்யும் நடவடிக்கை எடுத்துச் செலவழித்தால், அந்தத் தொகையை வட்டியோடு நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். நிலவரி பாக்கி என்றால் ஜப்திவரை போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வெறும் இரும்புக் கம்பி, தகரம், சுத்தமான பித்தளை இவற்றால் இந்த வம்பு வருவதில்லை. இரும்போடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் மண்ணைக் கெடுக்கிறது. உங்கள் வரத்தில் அப்படி மூன்று இருக்கின்றன.

பேட்டரிதான் முதல் ஆபத்து. ஒரு கார் பேட்டரியில் எடைக்குப் பாதிக்கு மேல் ஈயம், நான்கைந்து லிட்டர் கந்தக அமிலம். எடைச் செலவைக் குறைக்க அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டு ஏற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஈயப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. ஈயம் தனியாக விழுந்தால் மேல்மண்ணிலேயே பிடித்துக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. அமிலம் சேர்ந்து விழுந்தால் மண்ணின் காரத்தன்மை போய், ஈயம் கரைந்து ஆழத்துக்குப் போகும். சிப்காட் பக்கம் கடற்கரை மணல்; களிமண் போல ஈயத்தைப் பிடித்து வைக்காது, நிலத்தடி நீரும் மேலேயே இருக்கிறது. உள்நாட்டுக் களிமண் பூமியில் ஒரு அடியோடு நிற்கக்கூடிய சேதம் இங்கே கிணறுவரை போய்விடும்.

அடுத்தது காலி பேரல். பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் ஆலைகள் இருக்கும் ஊரில் 200 லிட்டர் பேரல் சும்மா காலியாக வருவதில்லை. அடியில் அரை அங்குலம் தங்கியிருந்தாலே மூன்று லிட்டருக்கு மேல். நூறு பேரலைக் கவிழ்த்தால் முந்நூறு லிட்டர் பெயர் தெரியாத ரசாயனம் உங்கள் தரையில் இருக்கும். ரசாயனம் ஒட்டிய காலி பேரல், கேன் எல்லாம் அபாயகரக் கழிவு அட்டவணை ஒன்றில் 33.1 என்ற எண்ணில் வருகின்றன. அதை வாங்க, கழுவ, வெட்ட, விற்க எதற்கும் வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். பழைய இரும்பு என்று பில் போட்டால் அது பழைய இரும்பு ஆகிவிடாது.

மூன்றாவது எண்ணெய். மோட்டார், கியர்பாக்ஸ், லேத் டர்னிங்கில் ஒட்டியிருக்கும் கட்டிங் ஆயில், ஏலத்தில் எடுத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர். பயன்படுத்திய எண்ணெய் அதே அட்டவணையில் 5.1. டிரான்ஸ்ஃபார்மர் மிகப் பழையது என்றால், எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கிறதா என்று பரிசோதித்த சீட்டு இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். பிசிபி பயன்பாட்டையே 2025 முடிவோடு நிறுத்தச் சொல்லி 2016இல் மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது.

இனி, முன்பு இருந்தவர் செய்ததற்கு நீங்கள் பொறுப்பா என்பது. உங்கள் விஷயத்தில் பணம் அதிகம் அடங்கியிருப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டத்தில், கலந்துபோன மாசுக்குக் கையில் அகப்பட்ட ஒருவரிடமே முழுச் செலவையும் கேட்க முடியும்; அவர் மற்றவர்களைத் தேடிப் பிடித்துப் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. 17ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவுபடி, சேதத்தை ஒரே செயலின் மேல் சுமத்த முடியாமல் பல செயல்கள் சேர்ந்து விளைந்தது என்றால், தீர்ப்பாயம் நியாயமான முறையில் பங்கு பிரிக்கலாம். "பிரிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். பிரிப்பதற்கு ஆதாரத்தை நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால், இடத்தில் இருப்பவர் பெயரில்தான் உத்தரவு வரும்.

அந்த ஆதாரம் மண்ணிலேயே இருக்கிறது. கேபிள் எரித்த இடத்தில் ஈயத்தோடு செம்பு ஏராளமாக இருக்கும், கேபிளின் பிவிசி உறை எரிந்ததால் குளோரைடும் இருக்கும். கரியும் சாம்பலும் திட்டுத்திட்டாகத் தெரியும். பேட்டரி உடைத்த இடத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி வரும், ஏனென்றால் பேட்டரித் தகடுகளின் சட்டகத்தில் ஈயத்தோடு ஆன்டிமனி கலப்பார்கள். சல்ஃபேட் அதிகமாக இருக்கும், மண் புளித்திருக்கும். ஆகவே ஈயம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு வந்த அறிக்கை உங்களுக்குப் பாதி உதவிகூடச் செய்யாது. ஈயம், ஆன்டிமனி, செம்பு, துத்தநாகம், குளோரைடு, சல்ஃபேட், பிஹெச் (அமில-கார அளவு) இவ்வளவும் ஒவ்வொரு மாதிரியிலும் கேட்டு வாங்குங்கள்.

எப்படி எடுப்பது என்றால், ஐந்து சென்ட் இடம் சுமார் 200 சதுர மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டால் எட்டுப் புள்ளி. ஒவ்வொன்றிலும் 0–15, 30–45, 75–90 சென்டிமீட்டர் என்று மூன்று ஆழம், ஆக 24 மாதிரி. ஒப்பிட்டுப் பார்க்க, வேலிக்கு வெளியே யாரும் தொழில் செய்யாத மண்ணில் இரண்டு. எட்டுப் புள்ளியையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் செலவு குறையும், ஆனால் எங்கே எரித்தார்கள், எங்கே உடைத்தார்கள் என்ற விவரம் கரைந்துபோகும். துத்தநாகம் பூசிய இரும்புத் துளைக்கருவி வேண்டாம், துத்தநாக அளவு பொய்யாக ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். எண்ணெய்க்கான மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில், மேலே இடைவெளி விடாமல் நிரப்பி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆய்வகம், ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் சான்று பெற்றதாக இருந்தால் மட்டும் போதாது, மண்ணில் உலோகம் பார்க்கும் அந்தச் சோதனைக்கே சான்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கடையில் உலோகம் தரம் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ்ஆர்எஃப் கைக்கருவியை மண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது உலோகக் கலவைக்கு அளவுதிருத்தம் செய்த கருவி. மண்ணுக்கான அமைப்பு தனி, ஈர மண்ணில் அதுவும் குறைத்துக் காட்டும். எங்கே தோண்டலாம் என்று தேட உதவும். வாரியத்தின் முன் ஆதாரமாக நிற்காது.

இதோடு கூகுள் எர்த்தின் பழைய படங்களையும் தேதி வாரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எரித்த இடம் மேலிருந்து கறுப்பாகத் தெரியும். நீங்கள் வாடகைக்கு வந்த தேதிக்கு முந்தைய படத்தில் அதே மூலை கறுத்திருந்தால், அது பத்துச் சாட்சிகளுக்குச் சமம். வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு பெயர் மாற்றிய தேதி, ஜிஎஸ்டி பதிவில் அந்த முகவரி சேர்ந்த தேதி மூன்றும் நீங்கள் எப்போது வந்தீர்கள் என்பதை நிறுவும்.

எந்த அளவு தாண்டினால் கெட்ட மண் என்பதும் நிலத்தின் பயன்பாட்டைப் பொறுத்தது. கனடாவின் மண் தர வழிகாட்டியில் ஈயம் குடியிருப்பு நிலத்துக்கு கிலோவுக்கு 140 மில்லிகிராம், தொழிற்சாலை நிலத்துக்கு 600. 400 என்று ஒரு முடிவு வந்தால், அந்த அளவுகோலில் ஒன்றுக்குத் தேறும், மற்றதற்குத் தேறாது. குடிக்காடு, ஈச்சங்காடு போல ஆலையும் வீடும் ஒட்டிக் கிடக்கும் இடங்களில் இதை விட்டுவிடாதீர்கள். நிலம் வருவாய்ப் பதிவேட்டில் எப்படி வகைப்பட்டிருக்கிறது, பக்கத்து மனையில் குடியிருப்பு உண்டா என்பதைப் பதிலில் சேர்த்தே எழுத வேண்டும்.

மூடிக் கிடக்கும் உருக்காலையைப் பற்றிக் கேட்டதுக்கு வருகிறேன். நீங்கள் படித்த அமெரிக்க விலக்கு 1999 நவம்பரில் வந்தது, சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் 127ஆம் பிரிவு. அது வந்த காரணம் உங்கள் நிலைமையேதான். பேட்டரியையும் இரும்பையும் ஓர் ஆலைக்கு விற்றவர்களை, பின்னால் அந்த ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தபோது, கழிவை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்தவர்கள் என்று சேர்த்து இழுத்தார்கள். அதிலிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பிரிவு. ஆனால் அங்கேயும் அது ஏற்பாடு செய்தவருக்கும் ஏற்றிப் போனவருக்கும் மட்டுமே; தன் சொந்த யார்டில் சிந்தியவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. விற்றவர், வாங்கும் ஆலை சட்டப்படி நடக்கிறதா என்று நியாயமான அக்கறையோடு விசாரித்திருக்க வேண்டும். 30 முதல் 3,000 லிட்டர்வரை கொள்ளளவு உள்ள, ரசாயனம் ஒட்டிய பேரல்களும், பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் பிசிபி இருந்த பொருளும் அந்த விலக்கில் சேராது. இவ்வளவு தாராளமாக எழுதிய சட்டமே பேரலை வெளியே நிறுத்தியிருக்கிறது என்பதை, பேரல் வியாபாரம் செய்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் விலக்கு இல்லாவிட்டாலும், கேட்கப்படும் கேள்வி ஏறக்குறைய அதேதான்: யாரிடம் கொடுத்தாய்? 2016 விதிகளின் 4ஆம் விதி, அபாயகரக் கழிவை அங்கீகாரம் பெற்ற பயன்பாட்டாளரிடமோ அங்கீகாரம் பெற்ற அகற்றும் நிலையத்திடமோ மட்டுமே தர வேண்டும் என்கிறது. பேட்டரிக்கு 2022இன் பேட்டரிக் கழிவு விதிகளும் உண்டு, அதில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் தர வேண்டும். நீங்கள் கொடுத்த ஒவ்வொரு தேதியிலும் அந்த உருக்காலைக்கு அங்கீகாரம் நடப்பில் இருந்தது என்று காட்ட முடிந்தால், அந்த ஆலையின் மண்ணுக்கு உங்களை இழுப்பது கடினம். அங்கீகாரம் இல்லாத பட்டறைக்கு, ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று கொடுத்திருந்தால், 4ஆம் விதியை மீறியவர் நீங்கள். அங்கே நடந்ததற்கும் உங்கள் செயலுக்கும் தொடர்பு போட எளிதாகிவிடும். ஆகவே ஆலை மூடிக் கிடந்தாலும், அதன் பழைய அங்கீகார உத்தரவு நகலை இப்போதே தேடுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் கேட்டு வாங்கலாம்.

விற்றவர் பொறுப்புக்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது 2001இல் வெளியே வந்தது. ஆலையை மூடினார்கள். கடையில் கிடந்ததைத் திரும்ப எடுக்க வேண்டியவர்கள் அதை விற்ற ஹிந்துஸ்தான் லீவர்தான். 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலில் திரும்பிப் போனது. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுத்தது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பேரலையோ கழிவையோ உங்களுக்கு விற்ற ஆலையின் பெயர் சீட்டில் இருந்தால், செலவில் அவர்களையும் கூட்டுச் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கியது உங்கள் சரக்கு, அவ்வளவுதான்.

புதுச்சேரியிலிருந்து வரும் சரக்கில் ஒரு கூடுதல் சிக்கல். ஊர் பக்கம்தான், ஆனால் சட்டத்துக்கு அது வேறு எல்லை. அங்கே அதிகாரம் புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு, இங்கே தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. பேட்டரி, எண்ணெய், பேரல் மறுசுழற்சிக்காக எல்லை தாண்டினால், அனுப்புபவர் இரண்டு அமைப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அகற்றுவதற்காகப் போகும் கழிவு என்றால் இரண்டிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி ஒரு டாட்டா ஏஸில் கொஞ்ச நேரத்தில் வந்து சேரும் சரக்குக்கு இவ்வளவா என்று தோன்றும். விதி தூரத்தைப் பார்ப்பதில்லை.

இதற்கான சீட்டு படிவம் 10, ஏழு படி (நகல்). வெள்ளை அனுப்புபவர் வாரியத்துக்குத் தருவது, மஞ்சள் அனுப்புபவரிடம், இளஞ்சிவப்பு பெறுபவரிடம், ஆரஞ்சு லாரிக்காரரிடம், பச்சை பெறுபவர் தன் வாரியத்துக்கு அனுப்புவது, நீலம் பெறுபவர் கையெழுத்திட்டு அனுப்பியவருக்கே திருப்புவது, சாம்பல் நிறப் படி வேறு மாநிலத்துக்குப் போனால் அனுப்பியவரின் வாரியத்துக்கு. நீங்கள் உருக்காலைக்கு அனுப்பியபோது திரும்பி வந்த நீலப்படிதான் "சரக்கு அங்கே சேர்ந்தது, வழியில் எங்கும் கொட்டவில்லை" என்பதற்குச் சான்று. பல கடைகளில் மஞ்சள் கட்டுக்கட்டாக இருக்கும், நீலம் ஒன்றுகூட இருக்காது. எந்த வண்டியை யார் ஏற்பாடு செய்தார் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் வழியில் கவிழ்ந்தால் வண்டி ஏற்பாடு செய்தவர்தான் பொறுப்பு.

கழிவைச் சேர்த்து வைக்க 90 நாள்தான் பொதுவான வரம்பு. விலை ஏறட்டும் என்று ஆறு மாதம் பேட்டரியை அடுக்கி வைப்பதால்தான் பல கடைகளின் தரை கெடுகிறது.

செலவு எவ்வளவு ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளாமல் பேச்சுவார்த்தைக்குப் போகக் கூடாது. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. ஓரடி ஆழம் தோண்டினாலே கிட்டத்தட்ட 22 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி), எடையில் நூறு டன்னை ஒட்டி வரும். அந்த மண் அளவு தாண்டி இருந்தால் அதுவும் அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல், பத்து டன் லாரியில் பத்து நடை. அங்கே வாங்கும் கட்டணம், பதிலுக்கு நல்ல மண், நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறு எல்லாம் தனி. கட்டம் போட்டு மாதிரி எடுத்தால் 22 யூனிட்டில் ஆறோ ஏழோதான் உண்மையில் கெட்டிருக்கிறது என்று தெரியவரலாம். 24 மாதிரிக்கான செலவு அங்கே மீண்டுவிடும்.

தயவுசெய்து இரண்டு காரியம் மட்டும் செய்ய வேண்டாம். நோட்டீஸ் வந்த பயத்தில் மேலே கிராவல் கொட்டி மூடுவது ஒன்று. கெட்ட மண்ணோடு கலந்து நல்ல கிராவலும் கெடும், அகற்ற வேண்டிய அளவு கூடும், மறைத்தார் என்ற பெயரும் சேரும். ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டி எங்காவது ஏரிக்கரையிலோ மனை நிரப்பவோ கொட்டுவது இன்னொன்று. ஒரு கெட்ட இடம் இரண்டாகும். இரண்டாவதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது மட்டுமே, பங்கு கேட்க ஆளே இருக்காது. அந்த மண்ணில் வீடு கட்டிப் பிள்ளைகள் விளையாடப்போகிறார்கள் என்பதை நினைத்தாலே இதைச் செய்ய மனம் வராது. சிறுவர்களின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் முதலில் தாக்கும்.

"வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது, நாங்கள் என்ன செய்வது" என்ற பதிலும் கடலூரில் அடிக்கடி எழுதப்படுகிறது. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் உண்மையான இடர்கள்தான். ஆனால் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப்பொறுப்புக் கோட்பாட்டில், ஆபத்தான தொழிலுக்கு இயற்கைச் சீற்றம் என்ற சாக்கு இல்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் தவறு யாருடையது என்று பார்க்காமலேயே இழப்பீடு விதிக்கச் சொல்கிறது. 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் இதே கோட்பாட்டை மண்ணையும் கிணறுகளையும் சுத்தம் செய்யும் செலவுக்கு நீட்டினார்கள். அங்கே ஆலைக்காரர்கள் வழக்கை இழுத்தடித்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் 37.385 கோடி ரூபாயை 1997 நவம்பரிலிருந்து 12 சதவீதக் கூட்டுவட்டியோடு கட்டச் சொன்னது. அந்த வட்டி அசலைத் தாண்டிவிட்டது. தாமதம் இலவசம் இல்லை.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் தர வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு, அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. உறுதியானால் இடத்தை அறிவித்து நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி, காரணமானவரை 90 நாளில் கண்டறிய வேண்டும். அவர்தான் சீரமைப்புச் செலவைக் கட்ட வேண்டும். ஆளே கிடைக்காவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைக் கிடங்கு ஆகியவை இதில் சேராது. 2009இன் மாசு மதிப்பீட்டிலேயே நூற்றுக்கு 77.45 வாங்கித் தீவிர மாசுப் பகுதி என்று பெயரெடுத்த கடலூரில் இந்தப் பட்டியல் வேகமாக நீளும் என்று எதிர்பார்ப்பதே விவேகம். காரணமானவரைக் கண்டறியும் அந்த 90 நாளுக்குள் உங்கள் மண் அறிக்கையும் சீட்டுகளும் வாரியத்தின் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் செலவு வேறு, சுற்றுச்சூழல் இழப்பீடு வேறு. இரண்டும் சேர்ந்தே வரலாம். இழப்பீட்டுக்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு: தொழில் வகைக்கான எண், மீறிய நாட்கள், ரூபாய்க் காரணி, தொழில் அளவு, இடம் ஐந்தையும் பெருக்குவது. அதிகம் மாசுபடுத்தும் தொழில்களான சிவப்பு வகைக்கு 80, அதற்கு அடுத்த ஆரஞ்சுக்கு 50, ரூபாய்க் காரணி வழக்கமாக 250, சிறுதொழிலுக்கு 0.5, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு 1. ஆரஞ்சு வகைச் சிறு கடைக்கு நாளுக்கு 6,250 ரூபாய், 180 நாளுக்கு 11.25 லட்சம். சிவப்பு வகை என்றால் நாளுக்கு 10,000. இங்கே சண்டை போட வேண்டியது நாட்களின் எண்ணிக்கையில்தான். மீறல் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்பதை ஆவணத்தோடு காட்டுங்கள். வாரியத்துக்கு இப்படிப் பணம் விதிக்க அதிகாரமே இல்லை என்ற வாதம் 2025 ஆகஸ்டு 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு எடுபடாது. நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கான நடைமுறையைப் பின்பற்றினார்களா என்று கேட்கலாம்.

இடத்துக்காரர் விஷயம் சுருக்கமானது. வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது உங்கள் இருவருக்குள்தான். வாரியத்தை அது கட்டுப்படுத்தாது. பணம் கட்டிய பிறகு ஒருவர் மற்றவரிடம் திரும்பக் கேட்க மட்டுமே உதவும். கேபிள் எரித்தவரை வாடகைக்கு வைத்து ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் என்றால், பங்கு பிரிப்பில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்வதில் தயங்க வேண்டாம். அடுத்த இடம் எடுக்கும்போது, சரக்கு இறக்குவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்து, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள்.

நோட்டீஸை எடுத்து எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு என்றால், ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். மாதிரி எடுத்த விதத்தையும் சரிபாருங்கள். 11ஆம் பிரிவுபடி முன்னறிவிப்பு கொடுத்து, உங்கள் முன்னிலையில் எடுத்து, பாத்திரத்தை முத்திரையிட்டு இருவரும் கையெழுத்திட்டு, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முடிவு சட்ட நடவடிக்கையில் சாட்சியமாக ஏற்கப்படாது. இதை முதல் பதிலிலேயே எழுதிவிடுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அவர்கள் மறுபடி சரியாக எடுத்துவிடுவார்கள். மறுமாதிரிக்கு வரும் நாளில் அங்கேயே நின்று, உங்கள் ஆய்வகத்துக்கும் அதே குழியிலிருந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலோடு ஒரு தற்காலிக நடவடிக்கைத் திட்டமும் தேதி போட்டு இணையுங்கள்: பேட்டரியும் பேரலும் வாங்குவது நிறுத்தம், இருப்பதைக் கூரை போட்ட கான்கிரீட் தளத்துக்கு மாற்றம், கெட்ட பகுதிமேல் மழை படாமல் தார்ப்பாய், மழைநீர் வெளியே ஓடாமல் வரப்பு, பக்கத்து வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர்ப் பரிசோதனை. கிணற்று முடிவு மோசமாக வந்தால், உத்தரவுக்குக் காத்திருக்காமல் அந்த வீடுகளுக்குக் குடிநீர் ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு அது இன்றே வேண்டும்.

இறுதி உத்தரவு வந்துவிட்டால், 5ஆம் பிரிவு உத்தரவாக இருந்தாலும் நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவில் வாரியம் போட்ட உத்தரவாக இருந்தாலும், மேல்முறையீடு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில். கெடு 30 நாள். போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்வரை ஏற்பார்கள், அதைத் தாண்டினால் எந்தக் காரணமும் செல்லாது. உத்தரவு கைக்கு வந்த தேதி தெரியும்படி தபால் உறையைக் கிழித்தெறியாமல் உத்தரவோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.